லெந்து நாட்களில் இரண்டு அங்குலம்

சாம்பல் புதனன்று காலை ஏழரை மணிக்குத் தேவானந்தம் தன் மோட்டார் சைக்கிள் சாவியை அலமாரியில், வேதப்புத்தகத்துக்குப் பின்னால் வைத்தார். பிறகு கொல்லைப்பக்கம் போய், பல வருஷமாகத் துண்டு காயப்போடுவதற்கு மட்டுமே பயன்பட்டு வந்த சைக்கிளைத் துடைத்து, வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். மகள் கிரேஸ் ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேடீஸ் சைக்கிள் அது. ஐம்பத்தைந்து வயதில், சட்டைப் பையில் பேனாவும் கையில் டிபன் பையுமாக அவர் அதன்மேல் ஏறி உட்கார்ந்தபோது எதிர்வீட்டு ரேஷ்மா கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"பெட்ரோலு இல்லியா?" என்றாள் மனைவி ஈவ்லின்.

"கீது."

"அப்பறம் இன்னாத்துக்கு இது?"

"லெந்து முடியற வரிக்கும் இதுலதான்."

போன வருஷம் லெந்து என்னும் நாற்பது நாள் தவக்காலத்தில் அவர் டீயை விட்டார். வீட்டில் மற்றவர்கள் நிம்மதியை விட்டார்கள். அதற்கு இது பரவாயில்லை என்று ஈவ்லின் உள்ளே போய்விட்டாள்.

அவர் சொல்லாவிட்டாலும் அவளுக்குக் காரணம் தெரியும். கிரேஸ் திருப்பதியில், புருஷன் கிளாட்வினோடு இருக்கிறாள். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் இரண்டு பிள்ளை தங்கவில்லை. இரண்டும் ஐந்தாம் மாதத்தில் போயின. இப்போது மூன்றாவது, நாலாம் மாதம் தொடங்கியிருக்கிறது. கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, படுக்கையை விட்டு இறங்கக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முந்தின நாள் ஜெபத்தில் தேவானந்தம் ஒரு பொருத்தனை பண்ணிக்கொண்டார். இந்த நாற்பது நாளும் என் உடம்பு நோகட்டும் ஆண்டவரே, அவள் உடம்பைத் தொடாதேயும். மோட்டார் சைக்கிளை விட்டுக்கொடுப்பதல்ல, நோவுதான் காணிக்கை. அது அவருக்கும் ஆண்டவருக்கும் தெளிவாகத் தெரிந்த விஷயம்.

நோவுக்குக் குறைவில்லை. சித்தூரிலிருந்து வேலூர் ரோட்டில், குடிபாலாவுக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் பள்ளிக்கூடத்தில் அவர் ரெக்கார்டு அசிஸ்டென்ட். ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். சீட்டு பதினாலு வயதுப் பெண்ணின் உயரத்துக்கு வைத்தது. அதை அப்படியே விட்டிருந்தார். உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் ஊன்றாவிட்டால் விழுந்துவிடுவோம் என்று அவருக்கு ஓர் எண்ணம். முட்டி மேலே வரும்போதெல்லாம் ஹேண்டில்பாரில் தொங்கிய டிபன் பையை இடித்தது. டயர் இறுகியிருந்தால் தூக்கித் தூக்கிப் போடும் என்று காற்றையும் பாதிதான் அடித்திருந்தார். லாரிகள் உரசிக்கொண்டு போயின. கண் முன்சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் இருந்த தாரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. முதல் வாரம் முடிந்தபோது அவரால் குந்தி உட்கார முடியவில்லை. ரொம்பத் திருப்தியாக இருந்தது.

இரண்டாம் வாரம் பின்சக்கரம் பஞ்சர் ஆனது. ஏரிக்கரைப் பிரிவில் புளியமரத்தடியில் கங்கையாவின் சைக்கிள் கடை. கங்கையா ட்யூபைத் தண்ணீரில் முக்கியபடி அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"ஏமி சாரு, தெனம் பாத்துக்கினே கீறேன். கோழி அட காக்கற மாதிரி குந்திக்கினு போறீங்களே. முட்டி ஏம் காவால, இன்னா ஆவறது?"

"பரவால்லப்பா. எனக்கு இதுவே போதும்."

"உங்களுக்குப் போதும் சாரு. சைக்கிளுக்குப் போதாதுகதா."

கேட்காமலேயே ஸ்பேனரைப் போட்டு சீட்டைத் தளர்த்தினான். துருப்பிடித்த கம்பி கிறீச்சிட்டு, முரண்டு பிடித்து, மேலே வந்தது. இத்தனை வருஷம் குழாய்க்குள் இருந்த பகுதி மட்டும் புதுசாகப் பளபளத்தது. இரண்டு அங்குலம் இருக்கும். டயரைக் கல் மாதிரி ஆகும்வரை காற்றடித்தான். டிபன் பையைக் கழற்றிப் பின்னால் கேரியரில் வைத்து, பழைய ட்யூபால் இழுத்துக் கட்டினான். செயினுக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டான். அவ்வளவுதான். கால் மணி நேர வேலை.

"லாரிங்க கூட இன்னாத்துக்கு சாரு போட்டி? கட்ட மேல போங்க. தூரம் ஒண்ணே" என்று ஏரிக்கரையைக் காட்டினான்.

வேண்டாமென்று சொல்லத்தான் நினைத்தார். நேரமாகிவிட்டதே என்று கரைமேல் ஏறினார். முதலில் விழுந்துவிடுவோம் என்று பயந்தார். விழவில்லை. கால் கீழே போகும்போது முழுசாக நீண்டது, முட்டியில் வலியைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. சைக்கிள் அவர் மிதித்ததற்கு மேலேயே ஓடியது. தலை தானாக நிமிர்ந்தது. இடது பக்கம் ஏரித் தண்ணீர், வலது பக்கம் மாந்தோப்பு, அது பூத்துக் குலுங்கி மணம் கரைக்கே வந்தது. மடையருகே ஒரு நாரை ஒற்றைக்காலில் நின்று அவரைப் பொருட்படுத்தாமல் இருந்தது. கொஞ்ச தூரம் போனபிறகுதான் தான் ஒரு கீர்த்தனையைப் பாடிக்கொண்டிருப்பது அவர் காதிலேயே விழுந்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்குப் பதினைந்து நிமிஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தார். சந்தோஷம் வந்த வேகத்திலேயே பயமும் வந்தது. நோவைக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, இப்படி ஊர்வலம் போனால் அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஸ்பேனரை எடுத்து சீட்டைப் பழைய துருக்கோடு வரைக்கும் இறக்கினார்; மறுநாளிலிருந்து மறுபடி லாரி ரோடுதான்.

வழியைக் காட்டியது போதகர்தான், அவருக்கே தெரியாமல். ஞாயிறு ஆராதனையில், சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை எண்ணினால் நாற்பத்தாறு நாள் வருகிறதே என்று யாரும் குழம்ப வேண்டாம், ஞாயிறுகள் உயிர்த்தெழுதலின் நாள், அவை லெந்து கணக்கில் சேராது, அன்று துக்கம் கொண்டாடக் கூடாது என்றார். தேவானந்தம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட உட்காராமல் சீட்டை இரண்டு அங்குலம் ஏற்றினார். வேலை எதுவும் இல்லாமல் ஏரிக்கரை வரை போய்விட்டு வந்தார். திங்கட்கிழமை காலை மறுபடி இறக்கினார்.

இப்படியே நடந்தது. ஞாயிறு மதியம் ஏற்றுவது, திங்கள் காலை இறக்குவது. ஈவ்லின் துணி துவைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தி எறக்கி ஏத்தி எறக்கி மறையே போவப்போவுது. ஒண்ணு மேல வெய்யி, இல்ல கீழ வெய்யி."

"ஒனக்குத் தெரியாது, சும்மா இரு."

"ஆமா, எனக்குத் தெரியாது" என்று அவள் ஒரு சட்டையை முறுக்கிப் பிழிந்தாள். அவளும் தனக்குத் தெரிந்த வகையில் காலை ஜெபத்தை அரை மணி நேரம் கூட்டியிருந்தாள்.

இரண்டாம் சனிக்கிழமை லீவில் இருவரும் பஸ் பிடித்துத் திருப்பதி போனார்கள். கட்டிலின் கால்மாட்டில் இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கிரேஸ் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஈவ்லின் சமையலறைக்குப் போனதும் அவள் கேட்டாள்.

"நைனா, எஞ்சைக்கிளு இன்னும் ஓடுதா? அம்மா சொல்லிச்சி."

"ஓடுது."

"எப்பிடிக் கீது? வழியில இன்னா பாத்த? சொல்லு. இந்த ஃபேனப் பாத்துப் பாத்து எனக்குப் பைத்தியம் புடிக்குது."

அவர் ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார். நாரையைச் சொன்னார், மாம்பூவைச் சொன்னார், தண்ணீருக்குள் எருமைகள் மூக்கை மட்டும் காட்டிக்கொண்டு கிடந்ததைச் சொன்னார். கிரேஸ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மூடிய கண்ணுக்குள் அவள் அந்தக் கரைமேல் போய்க்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் போன் வந்தது. இன்னிக்கி இன்னா பாத்த என்பாள். திங்கட்கிழமை அவரிடம் சொல்ல ஒன்றுமில்லை. செவ்வாயும் இல்லை. முட்டியைக் கழுத்துக்குக் கொண்டுவந்து, குனிந்து, லாரிகளுக்கு நடுவில் மிதிப்பவனுக்குத் தாரைத் தவிர என்ன தெரியும்? புதனன்று கிரேஸின் குரல் தேய்ந்திருந்தது.

"வார நாள்ல ஒனக்குக் கண்ணு தெரியாதா நைனா? ஞாயித்துக்கெழம வரிக்கும் நான் இன்னா பண்றது?"

ஐந்தாம் மாதம் வந்தது. முதல் பிள்ளை போன வாரம் எது, இரண்டாவது போன வாரம் எது என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவற்றில் முதல் வாரத் திங்கட்கிழமை காலை தேவானந்தம் வாசலில் சைக்கிளுக்குப் பக்கத்தில் சிரமப்பட்டுக் குந்தி, சீட்டை இறக்க ஸ்பேனரை வைத்தார். பையில் போன் அடித்தது.

"நைனா, கெளம்பிட்டியா?" கிரேஸ் சரியாகத் தூங்கவில்லை என்பது குரலில் தெரிந்தது. "பயமா கீது நைனா. அவரு வேலக்கிப் போய்ட்டாரு. நீ போன கட் பண்ணாத. பையில போட்டுக்கினு போ. நான் கேட்டுக்கினே வரேன்."

அவர் ஸ்பேனரைப் பார்த்தார். மறையில் ஏற்கெனவே மாட்டியிருந்தது, ஒரு திருப்பு திருப்பினால் போதும். இன்றைக்கு மட்டும் ஆண்டவரே என்று முணுமுணுத்து, அதை உருவித் திண்டின்மேல் வைத்தார். ஈவ்லின் வந்து அதை எடுத்து உள்ளே கொண்டுபோனாள்.

கங்கையா கடையைத் தாண்டிக் கரைமேல் ஏறினார். சட்டைப் பையில் ஸ்பீக்கர் போட்ட போன். நாரை இருந்தது, சொன்னார். இரண்டு பெண்கள் புளி காயப் போட்டிருந்தார்கள், சொன்னார். சொல்லச் சொல்ல மூச்சு வாங்கியது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

"மாங்கா புடிச்சிருச்சா நைனா?"

"புடிச்சிருச்சிம்மா. கொத்துக் கொத்தா கீது. பிஞ்சு."

இரவு காற்று அடித்திருந்தது. கரை முழுக்கப் பிஞ்சுகள் உதிர்ந்து கிடந்தன. அதை அவர் சொல்லவில்லை. மரத்தில் இருந்ததை மட்டும் சொன்னார். கரை மடைப்பக்கம் சரிந்து இறங்கத் தொடங்கியது.

"நைனா. கொஞ்சம் இரு."

"இன்னாம்மா?"

அவர் காதைச் சட்டைப் பைப்பக்கம் சாய்த்தார்.

"கிரேஸு?"

போனில் மூச்சு மாதிரி ஏதோ கேட்டது. காற்றாகவும் இருக்கலாம். மிதித்தால் செயின் சத்தம் போடும், பிரேக் பிடித்தால் கீச்சிடும், இரண்டில் எதைச் செய்தாலும் அந்தப் பக்கம் நடப்பது காதில் விழாமல் போய்விடும் என்று தோன்றியது. காலை அப்படியே நிறுத்தினார். சைக்கிள் தானாகச் சரிவில் இறங்கியது. தேவானந்தம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கீழே கிடந்த ஒரு பிஞ்சின்மேலும் சக்கரம் ஏறிவிடாமல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஹேண்டிலை மெல்ல ஒடித்து ஒடித்துப் போய்க்கொண்டிருந்தார்.