சுபத்திராவின் பத்து விரல்

கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்துச் சனம் சுபத்திராவை "வெடியக்கா" என்றுதான் கூப்பிடும். மரியாதையாய் வைத்த பேர்தான். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பின கையோடு, கண்ணிவெடி எடுக்கிற நிறுவனமொன்றில் மூன்று வருசம் வேலை செய்தவள் அவள். கொளுத்துகிற வெயிலில் முழங்காலில் இருந்து, மண்ணை விரற்கடை விரற்கடையாய்க் கிளறி, நூற்றுப் பதினேழு வெடி எடுத்தவள். அந்த வேலை முடிந்த பிறகு பெண்கள் சங்கத்துத் தச்சுப் பட்டறையில் சேர்ந்தாள். புது வீடுகளுக்குக் கதவும் யன்னலும் செய்கிற பட்டறை. அங்கே எவளாவது பிராக்குப் பார்த்துக்கொண்டு வேலை செய்தால், இரண்டு கையையும் அவளின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடிப்பாள்.

"எண்ணிப் பாரடி. பத்தும் இருக்கோ? வெடியோட விளையாடின விரல் இது. நான் சொன்னதைக் கேள்."

பட்டறைக்கு மூன்று மெசின் வந்தபோது, மன்னார் பட்டணத்தில் ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். சங்கத்துக் கந்தோரிலிருந்து பட்டறையை நடத்துகிற லோறன்ஸ், சுபத்திராவைத்தான் அனுப்பினார். "நீர் போய்ப் படிச்சுக்கொண்டு வாரும். மற்றப் பிள்ளையளுக்கு நீர்தான் சொல்லிக் குடுக்கோணும்."

போனாள். காலையில் வாள் மெசினும் சீவுகிற மெசினும் காட்டினார்கள். பின்னேரம் ட்றில் மெசின் என்றார்கள். அண்டைக்குப் பின்னேரம்தான் அவளின் வயலுக்குத் தண்ணி முறை. விட்டால் இன்னும் எட்டு நாள். ஓட்டை போடுகிற சாமானுக்கு என்ன பெரிய படிப்பு, வெடி எடுத்தவளுக்கு இவர்கள் என்னத்தைச் சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தாள். பின்னேரத்துக்கும் சேர்த்துக் கையெழுத்தைப் போட்டாள். பயிற்சியில் கொடுத்த கடதாசியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அடுத்த கிழமை ட்றில் மெசினுக்கு முன்னால் எல்லாரையும் நிற்பாட்டி, பெட்டியொன்றைத் திறந்தாள். உள்ளே வெள்ளைப் பஞ்சுக் கையுறைகள்.

"வெறுங்கையோட ஒருத்தரும் இதைத் தொடக்கூடாது. என்ர கையைக் காப்பாத்தினது கையுறைதான்."

புஸ்பம் மட்டும் போடவில்லை. இருபது வருசம் தமிழ்நாட்டு முகாமிலிருந்துவிட்டு வந்த பிள்ளை. பேச்சில் பாதி அந்தப் பக்கத்துப் பேச்சு.

"அக்கா, அங்க நான் வேலை பாத்த பட்டறையில சுத்துற மெசின்ல கிளவுஸ் போட விடமாட்டாங்க. இழுத்துரும்னு சொல்லுவாங்க."

"அங்கத்தையப் பட்டறையில எத்தினை பேருக்குப் பத்து விரலும் இருந்தது?" என்று கேட்டாள் சுபத்திரா. டிலக்சனா விழுந்து விழுந்து சிரித்தாள். "அகதிக் காம்பில படிச்ச இஞ்சினியர் சொல்லுறா, கேளுங்கோடி!" எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். புஸ்பமும் சிரித்தபடி கையுறையைப் போட்டுக்கொண்டாள்.

அதிலிருந்து பதினோராம் நாள். யன்னல் நிலையொன்றுக்குக் கம்பி போட ஓட்டை துளைத்துக்கொண்டு நின்றாள் புஸ்பம். தூளைத் தட்டிவிட இடக்கையைக் கிட்டக் கொண்டுபோனாள். சுத்துகிற அலகில் கையுறையின் ஒரு நூல் சிக்கியது. ஒரு நூல்தான். கண்மூடித் திறக்க முதல் கையுறை முழுக்கச் சுருண்டு கையையும் இழுத்தது. சுபத்திரா பாய்ந்து சுவிச்சை அமத்தினாள். மெசின் நின்றது. சுட்டுவிரலில் இரண்டு கணு போய்விட்டது. நடுவிரல் முறிந்துவிட்டது.

ஆசுபத்திரி வாங்கில் குந்தியிருந்தபடிதான் சுபத்திரா கைப்பையைக் கிண்டி அந்தக் கடதாசியை எடுத்தாள். மடிப்புக் கலையாமல் இருந்தது. இரண்டாம் பக்கத்தில், கொட்டை எழுத்தில், தமிழில்: சுழலும் மெசினில் வேலை செய்யும்போது கையுறை அணியவே கூடாது. தூளைக் கையால் தட்டக்கூடாது. மெசினை நிற்பாட்டித் தூரிகையால் தட்டவும். திரும்பத் திரும்ப வாசித்தாள். பிறகு முன்னிருந்ததிலும் சின்னதாய் மடித்து உள்ளே வைத்தாள். ஒருவருக்கும் காட்டவில்லை.

நாலாம் நாள் சோறு கறி கட்டிக்கொண்டு புஸ்பத்தின் வீட்டுக்குப் போனாள். ஏசுவாள், ஏசட்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனாள். அவளோ பெரிய கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு, இருக்கச் சொல்லிக் கதிரையொன்றை இழுத்துப் போட்டாள்.

"நீங்க நல்லதுக்குத்தானக்கா சொன்னீங்க. லோறன்ஸ் அண்ணன் வந்து கேட்டாரு. நான்தான் கவனமில்லாம நின்னேன்னு சொல்லிட்டேன்."

"ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

"உங்க பேரைச் சொன்னா யாரு நம்புவா?" என்றாள் புஸ்பம். கோபமாய்ச் சொல்லவில்லை. வெயில் சுடுது என்கிற மாதிரிச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பட்டறையில் கூட்டம். புஸ்பமும் வந்து ஓரமாய் நின்றாள். லோறன்ஸ் அவளைப் பாராமலே சொன்னார். "கவனமில்லாத ஆளை மெசினில விடேலாது. கை சுகமாகின பிறகு புஸ்பம் வாணிஷ் அடிக்கிற பக்கம் நிக்கட்டும். மற்றாக்கள் வெடியக்கா சொல்லுற மாதிரிக் கையுறை போட்டுக் கவனமாய்ச் செய்யுங்கோ."

தலைகள் ஆடின. சுபத்திரா உட்பட எல்லாரும் பழக்கத்தில் கையுறையை மாட்டினார்கள். ஜெனிஸ்ரா ட்றில் மெசினடிக்குப் போனாள். பதினெட்டு வயதுப் பிள்ளை. சுவிச்சில் கை வைத்தாள்.

"போடாதை!"

சுபத்திரா போட்ட சத்தத்தில் எல்லாரும் திடுக்கிட்டார்கள். கையுறைக் கையோடேயே கடதாசியை எடுத்து விரித்தாள். இரண்டாம் பக்கத்துக் கொட்டை எழுத்தைத் தட்டுத் தடுமாறி வாசித்து முடித்தாள்.

"அதுக்கென்ன?" என்றார் லோறன்ஸ் விளங்காமல். "நீர் படிச்சதுதானே?"

"படிக்கேல்ல அண்ணை. பின்னேரம் நான் இருக்கேல்ல."

"உம்மட கையெழுத்து இருக்கே!"

"கையெழுத்தைப் போட்டிட்டுத் தண்ணி கட்டப் போனனான். இவள் எனக்குச் சொன்னவள், கையுறை கூடாதெண்டு. நான்தான் பகிடி பண்ணிப் போடவைச்சனான். இவளில ஒரு பிழையும் இல்லை."

டிலக்சனா நிலத்தைப் பார்த்தாள். லோறன்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே நின்றார். கடைசியில், "அப்ப இந்த மெசினை ஆர் சொல்லிக் குடுக்கிறது?" என்றார், தனக்குத் தானே கேட்கிற மாதிரி.

"அவள்தான்" என்றாள் சுபத்திரா.

புஸ்பம் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெசினடிக்கு வந்தாள். சுபத்திராவைப் பார்த்தாளா இல்லையா என்று தெரியவில்லை. ஜெனிஸ்ராவிடம் சொன்னாள். "முதல்ல கிளவுஸைக் கழட்டு. பின்னலைச் சுருட்டிக் கட்டு. கையில வளையல் வேணாம்."

ஒவ்வொருத்தியாய்க் கையுறையைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டார்கள். சுபத்திராவும் கழற்றினாள். பத்து விரலும் வெளியே வந்தன, ஒரு கீறலும் இல்லாமல். எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல், சேலைத் தலைப்புக்குள் சுற்றி ஒளித்துக்கொண்டு, பின்வரிசையில் போய் நின்றாள்.