விரலில் காய்ந்த பால்

மூன்றாவது நாளாக ஜீவராணி தோட்டத்து மருந்துச்சாலை வாங்குப் பலகையில் உட்கார்ந்து விரல்களைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். எஹலியகொடைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பதினாறு வருடமாகப் பால் வெட்டுகிறவள். தெறித்த பால் விரலில் காய்ந்து கறுத்த தோலாகப் படிந்துவிடும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் கொஞ்சம் நிற்கும்.

லயத்துக் குடியிருப்பு முழுக்கப் புதுவகை இன்புளுவென்சா. மற்றவர்கள் நாலைந்து நாளில் எழுந்துவிட்டார்கள். இவளுக்கு ஆறாம் நாள் காய்ச்சல் திரும்பி வந்து நெஞ்சில் இறங்கியது. ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினாள்.

மருந்து ஐயா அவள் விரலில் கிளிப்பை மாட்டினார். அதன் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு வெளிச்சம் விரலுக்குள் போகும். மறுபக்கம் வந்துசேரும் வெளிச்சத்தை வைத்து இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று சொல்லிவிடும். தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே போனால் அனுப்பச் சொல்லித் துண்டுச் சீட்டு எழுதவேண்டும். துண்டு இருந்தால்தான் தோட்டத்து லொறி பெரியாஸ்பத்திரிக்குப் போகும்.

எண்பத்துமூன்று காட்டியது.

"கைய நல்லாக் கழுவிட்டு வான்னு நேத்தே சொன்னேனே! பால் அப்பியிருந்தா மெஷின் எப்படிப் புடிக்கும்?"

"கழுவினேங்கய்யா... மூணு தடவ..."

"கல்யாணத்துக்குப் போற கையோடதான் இங்க வரணும் போல," என்றாள் வரிசையில் நின்ற அழகம்மா.

பால்வெட்டு முடிந்து நேரே வந்திருந்த ஜீவராணியின் புருஷன் ராமச்சந்திரன், வாசலிலிருந்து உள்ளே வந்தான். "ஐயா, எனக்கு ஒருக்கா மாட்டிப் பாருங்க."

"ஒனக்கு என்ன வருத்தம், காய்ச்சலா?"

"ஒன்னுமில்லீங்க. என் கை அவ கைய விட அழுக்கு. அதான்."

தொண்ணூற்றேழு. ஐயா கிளிப்பைக் கழற்றி அவனுடைய அடுத்த விரலில் மாட்டினார். தொண்ணூற்றேழு.

துண்டை எழுதிக் கொடுத்தார்.

லொறி பால் ஏற்றிக்கொண்டிருந்தது. நேரம் போனால் பால் உறைந்து கெட்டுவிடும். அதனால் லொறி முதலில் ஃபெக்டரிக்குத்தான் போனது. அங்கே பீப்பாய்களை இறக்கி, ஒவ்வொன்றாக அளந்து முடியும்வரை ஜீவராணி முன்சீட்டில் புருஷன் தோளில் சாய்ந்து மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தாள்.

பெரியாஸ்பத்திரி வார்ட்டில் முகமூடியைப் போட்டுப் பிராணவாயுவைத் திறந்தார்கள். நர்ஸ் ஒரு கிளிப்போடு வந்தபோது, ஜீவராணி முகமூடிக்குள்ளிருந்தே, கையைக் கழுவிவிட்டதாகச் சிங்களத்தில் சொன்னாள். எதற்காக அதைச் சொல்கிறாள் என்று நர்ஸுக்குப் புரியவில்லை. கிளிப்பு மாட்டாத கையின் கட்டைவிரல் மற்ற விரல்களைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. அங்கே பால் எதுவும் மிச்சமில்லை. நகக்கண்ணில் இரத்தம் கசிந்து வெள்ளை விரிப்பில் படிந்தது.