இரண்டு விரல் ஓரம்

என் கையெழுத்து எங்கள் வீட்டுக் கோழிக்கூண்டின் மேல் கிடந்தது.

2005 செப்டம்பர், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். வேலை முடிந்து பஸ் இறங்கி நடந்து வந்தால், கூண்டின் மேல் ஒரு கறுப்பு ஃபோம் ஷீட். அதில் முழுக்கக் கால் வடிவத்தில் ஓட்டைகள். ஷூவுக்குள் போடுகிற இன்சோலை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் சக்கை அது. ஓட்டை மேல் ஓட்டை வராமல் அம்மா அதை இரண்டாக மடித்து, மேலே ஒரு கல்லும் வைத்திருந்தாள். ஓரத்தில் வெள்ளை பெயிண்ட் மார்க்கரில் 417/2 என்று எழுதியிருந்தது. ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு. அப்படி ஏழு போடுகிற ஆள் எங்கள் கம்பெனியில் நான் ஒருத்திதான்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. படித்தது பி.எஸ்சி. வேதியியல். எங்கள் ஊரில் டிகிரி முடித்த முதல் ஆள், ஆண்களையும் சேர்த்துத்தான். கம்பெனியில் எனக்கு இரண்டு வேலைகள். காலையில், வெட்டப் போகிற ஒவ்வொரு ஷீட்டின் ஓரத்திலும் லாட் நம்பரும் அதன் கீழே என் இனிஷியலும் எழுத வேண்டும். வெளிநாட்டுக்காரன் ஷூவைப் பற்றிப் புகார் செய்தால் எந்த ஷீட், எந்த நாள் என்று கண்டுபிடிப்பதற்கு. வெட்டுகிற அச்சு, அதாவது டை, உட்காராத அந்த இரண்டு விரல் ஓரம் கடைசியில் சக்கையோடு போய்விடும். இரண்டாவது வேலை வெள்ளிக்கிழமை சாயங்காலம். கழிவு ரெஜிஸ்டரில், எத்தனை மூட்டை, சென்ற இடம்: மறுசுழற்சி ஆலை, ராணிப்பேட்டை, என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூட்டைகளை எண்ணுவேன். அவற்றை ஏற்ற வண்டி வருவதற்குள் என் பஸ் கிளம்பிவிடும். ராணிப்பேட்டையை நான் பார்த்ததில்லை. மேனேஜர் பரணிதரன் சார் சொன்னார், எழுதினேன். பதினான்கு மாதங்கள் எழுதியிருக்கிறேன்.

"இது எங்கம்மா கெடச்சுது?"

"ஊத்துப் பள்ளத்துல. அன்னிக்கி பேஞ்ச மழையில மேலருந்து சரிஞ்சு எறங்கிக்கீது. எவ்ளோ கீது தெரியுமா? நாங்க ஏழெட்டு பேரு ஆளுக்கு ஒண்ணு எடுத்தாந்தோம். ஏன், ஒனக்கு வேணுமா?"

"ஊத்துப் பள்ளத்துலயா? அப்போ தண்ணி?"

"தண்ணி எங்கடி தண்ணி. மூணு நாளா துணி கட்டித்தான் ரொப்புறோம். பொடிப் பொடியா கறுப்பா வருது. இன்னிக்கி அரைக் குடம் ரொம்பவே ஒரு மணி நேரம் ஆச்சு."

பாலாற்றுப் பக்கத்துக் கிணறுகள் நான் பள்ளிக்கூடம் போகும்போதே கெட்டுவிட்டன. அந்தத் தண்ணீரில் சோறு வடித்தால் பழுப்பாக இருக்கும், பருப்பு வேகாது. மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் ஊர் எழுபது வீடும் பிழைத்துக்கிடப்பது காப்புக்காட்டுக்குள் இருக்கும் அந்த ஒரு ஊற்றால். தோல் கம்பெனிகள் தொடாத தண்ணீர் எங்களுக்கு அது ஒன்றுதான். அதைத்தான் நான் வெள்ளிக்கிழமைதோறும் கையெழுத்துப் போட்டு மூடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். ஒற்றையடிப் பாதையாக இருந்தது டிராக்டர் போகும் வழியாகியிருந்தது. அதற்காக இரண்டு பக்கமும் மரங்களை வெட்டித் தள்ளியிருந்தார்கள். ஆச்சா மரங்களின் அடிக்கட்டைகளை நாற்பத்திரண்டு வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். பள்ளத்தின் மேல்விளிம்பிலிருந்து கொட்டியிருக்கிறார்கள். ஃபோம், ரெக்ஸின் துண்டு, பசை டப்பா, பாலித்தீன் உறை, எல்லாம் சரிந்து வந்து ஊற்றின் மேல் நின்ற புங்கமரத்தை இடுப்பு வரை மூடியிருந்தன. ஒரு பக்கம் யாரோ கொளுத்தி விட்டிருந்தார்கள். அது அணையாமல் உள்ளுக்குள் புகைந்தது. அந்தக் குவியலில் எங்கே கை வைத்தாலும் என் எழுத்து. 387. 407. 417. கோடு போட்ட ஏழுகள்.

இறங்கி வந்ததும் நேராகச் செக்போஸ்ட்டுக்குப் போனேன். காட்டுக்காவலர் கோவிந்தசாமி நாற்காலியில் உட்கார்ந்து தினத்தாள் படித்துக்கொண்டிருந்தார். கொண்டுபோன ஷீட்டை அவர் மடியில் போட்டேன்.

"இன்னாம்மா இது?"

"ஊத்துப் பள்ளத்துல டன் கணக்கா கொட்டிக் கெடக்குது. மரத்த வெட்டி ரோடே போட்டுட்டாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"யாரு மேல கேஸ் எழுதறது? இதுல பேரு கீதா? நம்பர் கீது. நம்பர் மேல கேஸ் போட முடியுமா?"

"எங்க கம்பெனியோடதுதான் சார். நான்தான் எழுதினேன்."

"நீ சொல்ற. நாளைக்கே கம்பெனிக்காரன் எங்களுது இல்லம்பான். ஆம்பூர்ல எத்தினி ஷூ கம்பெனி கீது, எண்ணிப் பாத்துக்கினியா? பேரு இருந்தா கொண்டா, ரேஞ்சர் கிட்ட நானே எடுத்துக்கினு போறேன்."

"எங்கம்மா வெறகு பொறுக்குனதுக்குக் கத்தியப் புடுங்கினீங்களே, அதுல மட்டும் பேரு இருந்திச்சா?"

"ஒங்கம்மா பேரச் சொல்லிச்சே" என்றார், சிரிக்காமல்.

டிராக்டர் ஓட்டுகிறவன் வெளியாள் என்றுதான் நினைத்திருந்தேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்த சின்னசாமி மாமா தானாகவே கூப்பிட்டார். அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. எங்கள் வீட்டில் இருந்து நான்காவது வீடு.

"இன்னா மேடம், காலங்காத்தால காட்டுக்குப் போய்ட்டு வர்ற?"

கடை ஓரம் நின்ற டிராக்டரின் டயரில் கறுப்புப் பொடி ஒட்டியிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. "நீங்களா மாமா?"

"ராணிப்பேட்டை போயி வர்றதுக்கு டீசல் எவ்ளோ ஆவும் தெரியுமா? மேனேஜரு, பக்கத்துலயே எங்கியாவது தள்ளுன்னாரு. எனக்குத் தெரிஞ்ச பள்ளம் அது. தள்ளினேன்."

"ஒங்க வீட்டுக்கும் அந்தத் தண்ணிதானே! அத்த அதத்தானே குடிக்கிது!"

"சும்மா கத்தாத. ராணிப்பேட்டைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நானா நீயா? நீ ஒரு வாரம் எழுதமாட்டேன்னு சொல்லியிருந்தா வண்டி கேட்டத் தாண்டியிருக்காது. படிச்ச புள்ள எழுதுது, எல்லாம் சரியாத்தான் இருக்கும்னு நானும் கொட்டினேன்."

டீக்கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் குடித்து வைத்திருந்த டம்ளரைத் தட்டிவிட்டு வந்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை.

அந்தப் புதன்கிழமை ஆடிட். ஷூ வாங்கும் வெளிநாட்டு கம்பெனி சார்பில் சென்னையிலிருந்து லில்லி மேடம் வருவார். ஒரு வாரம் முன்பே கம்பெனி முழுக்கச் சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. நீலக் கடல், அதில் ஓர் ஆமை, ஆமையின் கழுத்தில் பிளாஸ்டிக் பை. கீழே "கடலைக் காப்போம்". இங்கிருந்து கடல் பார்க்க வேண்டும் என்றால் அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும். அதே படம் போட்ட டி-ஷர்ட்டை எங்கள் எல்லோருக்கும் கொடுத்தார்கள். அந்த டி-ஷர்ட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பாலித்தீன் உறையில் வந்தன. அந்த உறைகள் எந்தப் பள்ளத்துக்குப் போகும் என்று எனக்குத் தெரியும்.

அந்த மேடம் வந்தால் எல்லாம் நின்றுவிடும் என்று நம்பினேன். மூன்று வருடம் கல்லூரிக்குப் போய் வந்த ஒருத்தி இவ்வளவு ஏமாளியாக இருக்கக் கூடாது.

கான்ஃபரன்ஸ் அறையில் ரெஜிஸ்டரைக் கேட்டார்கள். கொடுத்தேன். கூடவே சாக்குப்பையிலிருந்து ஷீட்டையும் எடுத்து மேஜை மேல் விரித்தேன். பிஸ்கட் தட்டு நகர்ந்தது. காட்டு மண்ணும் கோழி எச்சமும் மேஜைத் துணியில் உதிர்ந்தன.

"மேடம், இது ஜூலை மாச லாட். ராணிப்பேட்டைக்குப் போச்சுன்னு இந்த ரெஜிஸ்டர்ல நான் எழுதியிருக்கேன். பொய். இது எங்க ஊரு காட்டுல, குடிக்கிற தண்ணி மேல கெடக்குது. மழை பேஞ்சா ஓடையில வந்து பாலாத்துல எறங்கும். பாலாறு கல்பாக்கத்துக்கிட்ட கடல்ல சேருது. ஒங்க ஆமை அங்கதான் இருக்குது."

பரணிதரன் சார் முகம் மாறவில்லை. இருபது வருட மேனேஜர்.

"இது எப்படி ஒன் கிட்ட வந்துச்சு?"

"எங்கம்மா எடுத்தாந்தாங்க."

"பாத்தீங்களா மேடம்? கம்பெனி மெட்டீரியல் இவங்க வீட்டுல இருக்குது. செக்யூரிட்டியத்தான் டைட் பண்ணணும். இந்த ஊர்க்காரங்க கிட்ட இதுதான் பேஜார், கையில கெடச்சதத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"எங்கம்மாவத் திருடின்னு சொல்றீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? எடுத்துட்டு வந்தாங்கன்னு நீதான் சொன்ன."

லில்லி மேடம் கண்ணாடியைக் கழற்றினார். ஷீட்டின் ஓரத்தை விரல் நுனியால் திருப்பி என் எழுத்தைப் பார்த்தார்.

"நீங்க கொண்டு வந்தது ரொம்ப நல்லதும்மா" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அவர் பரணிதரன் சார் பக்கம் திரும்பினார். "சார், லாட் நம்பரோட மெட்டீரியல் வெளிய கெடக்குதுன்னா அது எங்க பிராண்டுக்குப் பெரிய ரிஸ்க். எவனாவது போட்டோ எடுத்துட்டா? நம்பரை இனிமே ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டுங்க. வெட்டி முடிச்சதும் ஸ்டிக்கரை உரிச்சு ஃபைல்ல வச்சுடுங்க. சக்கையில எந்த மார்க்கும் இருக்கக் கூடாது."

"திங்கக்கெழமையே ஆரம்பிச்சிடறோம் மேடம்."

"அப்போ தண்ணி?" என்றேன்.

"அதை அப்சர்வேஷன்ல போட்டிருக்கேன்" என்றார். போட்டிருந்தார். அவர் மூடுவதற்குள் தாளைப் பார்த்தேன், கழிவு மேலாண்மை மேம்படுத்தப்படலாம், மூன்றே வார்த்தை. டி-ஷர்ட் சைஸ் சரியாக இருக்கிறதா என்று என்னிடம் கேட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

கார் போனதும் பரணிதரன் சார் என்னைக் கூப்பிட்டார். "ரிப்போர்ட் கைக்கு வர்ற வரைக்கும் ஒன்ன அனுப்ப முடியாது. அனுப்பினா கேள்வி வரும். அதுவரைக்கும் வாயை மூடிக்கினு வேலையப் பாரு. ஒன்ன மாதிரி பி.எஸ்சி. இந்த கேட்டுக்கு வெளிய நூறு பேரு நிக்கிது."

உண்மைதான், நிற்கிறார்கள். நானும் அப்படி நின்றுதான் உள்ளே வந்தேன். எட்டு மாதம். அந்த வேலை போனால் திரும்பவும் என்னை ஆம்பூரில் எந்தக் கம்பெனியும் சேர்க்காது, அதுவும் தெரியும். மேனேஜர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் தோஸ்த்.

வியாழக்கிழமை கீழ்ப்படிந்து வேலை செய்தேன். சாயங்காலம் வீட்டில் அம்மா குடத்து வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உதறினாள். கடுகு மாதிரி கறுப்புப் பொடி தரையில் விழுந்தது. கோழி ஓடி வந்து அதைக் கொத்தியது.

வெள்ளிக்கிழமை காலை. ஸ்டிக்கர் வருவதற்கு முன் கழிவு ஏற்றுகிற கடைசி நாள். நூற்றுப் பன்னிரண்டு ஷீட்டுகள் அடுக்கியிருந்தன. புது மார்க்கர் இரண்டைப் பிரித்தேன். லாட் நம்பரை எழுதினேன், அது என் வேலை. பக்கத்தில் கம்பெனியின் முழுப்பெயர், லிமிடெட் வரைக்கும். அப்புறம் தேதி. இனிஷியல் போடுகிற இடத்தில் என் முழுப்பெயர், அ. சோபனா. நான்கு பக்க ஓரங்களிலும் எழுதினேன். மிஷின் ஓட்டுகிறவர்கள் ஓரத்தைப் படிப்பதில்லை. டை உட்கார இடம் இருந்தால் அடித்துவிட்டு அடுத்த அடுக்குக்குப் போய்விடுவார்கள். மத்தியானத்துக்குள் கை வீங்கிவிட்டது.

சாயங்காலம் நான்கு மணிக்கு மூட்டைகளை எண்ணினேன். பதினொன்று. ரெஜிஸ்டரில், சென்ற இடம்: ஊத்துப் பள்ளம், காப்புக்காடு, என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மூடி, பரணிதரன் சார் மேஜையில் வைத்தேன். அவர் அதைத் திறப்பதே இல்லை. அதற்குத்தானே நான்.

அன்றைக்கு பஸ்ஸை விட்டுவிட்டு வண்டி வரும் வரை நின்றேன். சின்னசாமி மாமா டிராக்டரில் ஏறும்போது என்னைப் பார்த்தார். "இன்னா, எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். போய்க் கொட்டுங்க."

"இப்பதான் புத்தி வந்துச்சு" என்றார்.

சனிக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. அம்மாவும் இன்னும் ஒன்பது பெண்களும் குடத்தோடு வந்தார்கள். கோவிந்தசாமியைச் செக்போஸ்ட்டிலிருந்து கிளப்புவதற்கு அரை மணி நேரம் ஆனது. தலைவலி என்றார். அம்மா அவர் தொப்பியை எடுத்து அவர் தலையில் வைத்தாள்.

"கத்திய வாங்கறதுக்கு மட்டும் அவ்ளோ தூரம் மேல ஏறி வந்தியே சார். வா, இப்பவும் ஏறு."

பள்ளத்தின் மேலே புது மூட்டைகள் பிரிந்து சரிந்து கிடந்தன. அவர் ஒரு ஷீட்டை எடுத்தார். பூட்ஸால் மண்ணைத் தள்ளிவிட்டு இன்னொன்றை எடுத்தார். அதிலும் இருந்தது. நான்கு ஷீட் பார்த்தார், நான்காவதைத் திருப்பிக்கூடப் பார்த்தார். பின்பு கம்பெனிப் பெயரை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். லிமிடெட்டையும் விடவில்லை.

"போன தபா பேரு இல்லன்னியே, இப்ப கீதா?" என்றாள் அம்மா.

சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்த கோவிந்தசாமி அப்படியே நின்றுவிட்டார். "இதுக்குக் கீழ இன்னொரு பேரு கீதேம்மா. அ. சோபனா. நான் இத எழுதினா மொத ஆளா நீதான் ரேஞ்சர் முன்னாடி நிக்கணும். கொட்டினதுக்கு ஒடந்தைன்னு."

பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா குடத்தைக் கீழே வைத்தாள்.

"பதினாலு மாசம் ஒடந்தைதான் சார். எழுதுங்க."

"கம்பெனிக்காரன் வுடமாட்டான். வேல போயிடும்."

"நேத்தே போய்டுச்சு. அவங்களுக்கு இன்னும் தெரியல. எழுதுங்க."

அவர் பேனாவை உதறினார். அது எழுதவில்லை. மறுபடி உதறினார். என் கைப்பையில் மார்க்கர் ஒன்று மிச்சம் இருந்தது. மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன்.