சுவருக்கு அந்தப் பக்கம்

அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் தொட்டால் சுட்டது. அதற்கு இரண்டு முழம் தள்ளியிருந்த சுவரோ ஐஸ் பெட்டியின் உட்புறம் மாதிரி சில்லிட்டிருந்தது. ஐலிஷ் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கையை உதறினாள்.

"இது எந்த ஊர் நியாயம், டெக்லன்?"

அயர்லாந்தின் கார்க் நகரில், மேட்டுத்தெருவில் கோடி வீடு அவளுடையது. குளிர் அண்டாமல் அடைக்க டெக்லனும் ஆட்களும் வந்ததிலிருந்து, மூன்று வாரமாக அது வீடாகவே இல்லை. ஜன்னல்கள் அளவு தப்பி வந்து திரும்பிப்போயின. பரணில் பஞ்சை விரித்தார்கள். வெளிச்சுவர்களுக்கெல்லாம் உள்பக்கமாக நுரைப்பலகை அடித்துப் பூசினார்கள். அதில் வாசல் நடை ஒரு சாண் குறுகிப்போயிற்று. டீ குடித்தால் நாக்கில் சுண்ணாம்பு. எல்லாம் ஃபெர்கஸுக்காக. நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும் கணவன் வெள்ளிக்கிழமை வருகிறான். மாடி ஏற முடியாது, இந்தக் கீழறையில்தான் கட்டில். குளிர்ந்த அறையில் இன்னொரு பனிக்காலம் தாங்கமாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

போதாததற்குப் பக்கத்து வீட்டு டோனல். துளை போடும் சத்தம் கேட்டால் கைத்தடியால் சுவரில் இடிப்பார். தெருவில் பார்த்தால், "என்ன ஐலிஷ், வீட்டுக்குக் கோட்டு தைச்சாச்சா? பட்டன் எப்ப வைக்கப் போறே?" என்பார். எண்பது வயதாகியும் வாய் மட்டும் தேயவில்லை.

டெக்லன் வெப்பம் காட்டும் கேமராவைச் சுவர்களின் மேல் ஓட்டினான். மூன்று சுவர்கள் ஆரஞ்சாகத் தெரிந்தன. டோனல் பக்கத்துச் சுவர் மட்டும் கருநீலம்.

"பொதுச்சுவர்தானேன்னு இதை விட்டுட்டோம்மா. அந்தப் பக்கம் ஆள் இருந்தா இப்படிக் குளிராது. வீடு பூட்டிக் கிடக்கா?"

"பூட்டிக் கிடந்தாத்தான் நிம்மதியா இருக்குமே! இப்ப இடிச்சாரே, கேக்கல?"

"அப்ப அவர் ஹீட்டரே போடறதில்லை. நீங்க போடற சூடு அவருக்குத்தான் போவுது. பலகை மிச்சம் இருக்கு. இதுலயும் அடிச்சுட்டா அறை சூடாயிடும். அடிக்கட்டுமா?"

"இரு. முதல்ல அந்த மனுஷனை நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

டோனல் வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே அவர் மேல்கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். அவர் மூச்சு புகையாக வந்தது. மாடியிலிருந்து இறக்கிய கட்டில், நாற்காலி, கெட்டில் வைத்த முக்காலி எல்லாம் அவள் வீட்டுப் பக்கத்து அந்த ஒரு சுவரை ஒட்டி நெருக்கியடித்துக் கிடந்தன. மழைக்கு ஒதுங்கிய ஆடுகள் மாதிரி. மீதி அறை வெறிச்சோடிக் கிடந்தது.

"ஹீட்டர் ஏன் ஓடலை? பாய்லர் என்னாச்சு?"

"செத்துப்போச்சு. நோரீன் கண்ணை மூடின அதே வருஷம் அதுவும் போயிடுச்சு."

அவர் மனைவியை அடக்கம் செய்து மூன்று வருடமாகிறது. "ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னா நீ வருவே. உன் பின்னாடி பாதிரியார் வருவார். அவர் பின்னாடி சூப்புச் சட்டியோட ஒரு கூட்டம் வரும்." அவர் திரும்பிச் சுவரைத் தடவினார். "ஃபெர்கஸ் ஆஸ்பத்திரிக்குப் போனதிலேர்ந்து நீ லேட்டாத்தான் ஹீட்டர் போடறே." பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இதையும் மூடப் போறீங்களா?"

ஐலிஷ் சுவரைத் தடவிய அந்தக் கையைப் பார்த்தாள். ஞாயிறுதோறும் சர்ச்சுத் திருப்பலியில் சமாதானம் சொல்லி இந்தக் கையைத்தான் பிடிக்கிறாள். எப்போதும் சில்லென்றிருக்கும். மனசு மாதிரியே கையும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிடுவாள்.

சுவரை விட்டுவைத்தால் ஃபெர்கஸின் நெஞ்சு. மூடினால் இந்த மனிதர். ஆண்டவரே, என் தலையில் கட்ட உமக்கு இவரைவிட்டால் வேறு ஆள் கிடைக்கவில்லையா?

"எழுந்திருங்க."

"எதுக்கு?"

"எழுந்திருங்கன்னா எழுந்திருங்க. நான் வேலைக்குப் போனா ஃபெர்கஸுக்குத் தண்ணி குடுக்க ஆள் வேணும். பகல்ல அங்க வந்து உக்காருங்க. ராத்திரிக்கு என்ன வழின்னு டெக்லன் வந்து பாக்கட்டும்."

"என் வீட்டுக்குள்ள எவனும் வரக்கூடாது. நாள் பூரா அவனோட குதிரைப் பந்தயக் கதையை வேற நான் கேக்கணுமா?"

"கேளுங்க. எங்க சூட்டுல மூணு வருஷம் உக்காந்தாச்சில்ல?"

அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவர் கைத்தடியை ஆட்டித் திட்டிக்கொண்டே பின்னால் வந்தார். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு திரை விலகியது.

தன் வாசலில் பின்னோக்கி நடந்து நுழைந்து நாற்காலியை இழுத்தாள். பாதி வந்து நின்றது. சாய்த்தாள், திருப்பினாள், உதைத்தாள். புதுப்பலகை நடையைக் குறுக்கியிருந்ததில் நாற்காலியின் சாய்மானம் சிக்கிக்கொண்டது. உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை.

"அம்மா, சுவருக்கு அடிக்கட்டுமா, வேணாமா?" உள்ளே பலகையைத் தூக்கிப் பிடித்தபடி டெக்லன் கேட்டான்.

"கொஞ்சம் பொறுடா!"

"முதல்ல கதவைச் சாத்து, ஐலிஷ்," தெருவில் நின்று டோனல் அதட்டினார். "சூடெல்லாம் வெளியே போவுது பார்." சொல்லிக்கொண்டே கைத்தடியை அக்குளில் இடுக்கி, நாற்காலிக்கு மேலாக, அந்தச் சூட்டுக்கு நேராக இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார்.