பாதிச் செபம்

பாவசங்கீர்த்தனக் கூண்டை விட்டு எழுந்தபோது பிலவேந்திரனுக்கு முழங்கால் மரத்துப்போயிருந்தது. மனைவி ஞானம் போன ஐப்பசியில் இறந்த பிறகு ஒருநாளும் செபமாலை சொல்லாத பாவத்தைச் சாமியாரிடம் சொல்லியிருந்தார். சாமியார் திட்டவில்லை.

"ஆத்துமத்தைப் பட்டினி போடாத பிலவேந்திரா. இன்னைக்கு ஒரு செபமாலை சொல்லிடு, அதுதான் உனக்கு அபராதம். சொல்லிட்டு நாளைக்குப் பாஸ்குத் திருநாள் பூசையில நன்மை வாங்கிக்க."

ஏன் சொல்லவில்லை என்று சாமியார் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னவென்று சொல்வது? கல்யாணமான நாள் முதல் ஒவ்வொரு மந்திரத்திலும் முன்பாதியை ஞானம் சொல்வாள், பின்பாதியை இவர் சொல்வார். முன்பாதி தெரியாமல் இல்லை. ஆனால் அது அவளுடையது. வாயைத் திறந்தால் நாக்கு எழவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ராஜகிரி மலையின் நிழல் தெருவில் இறங்கியிருந்தது. அடுத்த வீட்டு மருதேவி கொல்லைச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவர்கள் நயினார் வீட்டுக்காரர்கள், சமணர்கள்; பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை.

"இன்னாண்ணே, அண்ணி போனதுலேர்ந்து உங்க வூட்ல செபச் சத்தமே காணோம்? அது கேட்டாத்தான் நாங்க சாப்பாட்ட முடிப்போம். இப்ப எங்க வூட்டுக்காரரு இருட்டுனப்புறமும் தட்டோட உக்காந்துக்கினு, 'இன்னும் செபம் கேக்கலியே'ன்றாரு."

"சொல்லணும்மா. எடுத்துக் குடுக்க ஆளில்ல."

"நான் சொல்லட்டா? அண்ணி சொல்றது எனக்கு மனப்பாடம். நீங்க சொல்றதுதான் ஒண்ணும் புரியாது, வாய்ல கொழுக்கட்ட வெச்ச மாதிரி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேணாம்மா. என் அபராதம். நாந்தான் சொல்லித் தீக்கணும்."

மாதா சுரூபத்தின் முன்னால் விளக்கை ஏற்றிப் பாயை விரித்தார். விளக்கை ஒட்டி, வழக்கமான தன் இடத்தில் உட்கார்ந்து மாலையைப் பிடித்தார். தொடங்க முடியவில்லை. இப்படியே போனால் நாளைக்கு எல்லோரும் எழுந்து நன்மை அப்பம் வாங்கப் பீடத்துக் கிராதிக்குப் போகும்போது தான் மட்டும் கடைசியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வெகுநேரம் கழித்து எழுந்து, பாயின் மறுபக்கம் அவள் இடத்தில் போய் உட்கார்ந்தார். பின்சுவரில் அவள் தலை சாய்த்த எண்ணெய்க் கறை இருந்தது. முன்பாதி தானாக வந்தது, அவளுடைய அதே இழுப்போடு. முடித்துவிட்டுப் பழக்கத்தில் பதிலுக்குக் காத்திருந்தார்.

மாலையை விடாமல் எழுந்து, தன் இடத்துக்குத் திரும்பி, பின்பாதியைச் சொன்னார். ஒரு மணியைத் தள்ளினார்.

பிறகு கையை ஊன்றி மறுபடி எழுந்தார். விளக்கு வெளிச்சத்தில் அவர் நிழல் அவருக்கு முன்பே அந்தப் பக்கம் போயிருந்தது.