பெட்டி பார்த்தது, நான் பார்க்கவில்லை

கேமரா பெட்டி வந்த நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மேலூருக்குக் கிழக்கே ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் எழுத்தர் நான்; பெயர் கிரிதரன். ஒரு கைப்பிடி நெல்லைத் தட்டில் பரப்பினால் போதும். செயற்கை நுண்ணறிவாம், பத்து விநாடியில் பதர் எவ்வளவு, பச்சை எவ்வளவு என்று பிட்டுப் பிட்டு வைத்துவிடும். வெயிலில் திரை தெரியவில்லை என்று அன்று காலை நானே ஒரு நீலத் தார்ப்பாயைப் பந்தலாகக் கட்டி, அதன் கீழே ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மதியத்துக்கு மேல் ராக்கம்மாள் அக்காவின் முறை வந்தது. இத்தனை வருஷம் ஊரார் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். சொந்த நிலத்தில் இதுதான் முதல் அறுவடை. நாற்பது மூட்டையும் வெட்டவெளியில் கிடந்தன. கிழக்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. நனைந்தால் அத்தனையும் முளைத்துவிடும். பெட்டியோ, முற்றாத பச்சை நெல் அதிகம், வாங்காதே என்றது. நானும் நிராகரிப்புச் சீட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தேன்.

அக்கா நகரவில்லை.

"தம்பி, பெட்டி பாத்துச்சு. நீ பாத்தியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெட்டிக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகிறது என்று எரிந்து விழுந்தேன். விழுந்த பிறகுதான் பயிற்சியில் சொன்னது உறைத்தது. பெட்டி யோசனைதான் சொல்லும். வேண்டாம் என்பதை ஆள்தான் சொல்ல வேண்டும், அதுவும் கண்ணால் பார்த்துவிட்டு. ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லை. வெடுக்கென்று தட்டை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போனேன். அடடா, நெல் தகதகவென்று மஞ்சளாக மின்னியது. பந்தலுக்குள் கொண்டுவந்தால் பச்சை தட்டியது. எல்லாம் என் தார்ப்பாயின் நீலம்.

தார்ப்பாயின் முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லை. மூட்டை தூக்கும் பேயாண்டியிடம் கயிற்றை அறுக்கச் சொன்னேன். தார்ப்பாய் சரிந்ததும் மறுபடி படம் எடுத்தேன். நல்ல நெல், வாங்கலாம் என்றது பெட்டி. வரிசையில் நின்றவர்கள் விசிலடித்தார்கள். பேயாண்டியும் ஆட்களும் மூட்டைகளோடு ஓடினார்கள். நானும் தோள் கொடுத்தேன். கடைசி மூட்டை நிலையத்துக் கொட்டகைக்குள் போகவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. சந்தோஷம் தாங்காமல் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

அக்கா மழையைப் பார்த்தபடியே கேட்டார்.

"காலையில வந்தவுகளுக்கும் இதே பந்தல்தானே தம்பி?"

காலையில் ஆறு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தேன். ஆறு சீட்டிலும் என் கையெழுத்துதான். முதல் ஆளுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, நெல்ல நனைய விட்றாதீக. வண்டி எடுத்துக்கிட்டு நானே வாரேன். பாக்காமக் கையெழுத்துப் போட்டது நான்தேன்."