காட்டிக் கொடுத்த மச்சம்

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "பரவியிருக்கும்மா," என்றார் முசுடு. லேபில் எல்லோரும் எங்கள் சீனியர் டாக்டரை அப்படித்தான் கூப்பிடுகிறோம், முதுகுக்குப் பின்னால். அது அவருக்கும் தெரியும். சொல்லிவிட்டு டீ குடிக்க எழுந்து போனார்.

அண்ணிக்கு மார்பகப் புற்றுநோய். பாதி கீமோ ஊசியும் ஆபரேஷனும் முடிந்து, அக்குளிலிருந்து எடுத்த நிணநீர்க் கணு, புற்று பரவினால் முதலில் போய்ச் சேரும் இடம், சீவப்பட்டு ஸ்லைடாக அவர் மேசையில் கிடந்தது. சொந்தக்காரர்களின் ஸ்லைடை நாம் தொடக் கூடாது என்பது எங்கள் லேப் வழக்கம். சரியான வழக்கம்தான். ஆனால் அண்ணி கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னதும் என் காதிலேயே இருந்தது. "பரவியிருந்தா என்னை விட்டுடுங்க, இனி ஒரு ஊசிகூட வேணாம். பரவலன்னா மிச்சத்தையும் போட்டுக்கறேன். சத்தியம்." அண்ணன் மண்டையை மண்டையை ஆட்டினான். அன்றிலிருந்து எனக்கு ஓயாமல் போன் செய்கிறான், கடன்காரனைப் போல. இன்றைக்கு நான் எடுக்கவே இல்லை.

முசுடுவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். பார்க்காமல் இருக்க நான் என்ன மரக்கட்டையா? கணுவைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையில் ஒரு சின்னக் கொத்து. புற்றணு என்றால் வீட்டுக்குள் புகுந்து நடுக்கூடத்தில் கலாட்டா பண்ணும். இவை மதில்மேல் உட்கார்ந்த பூனைகள் மாதிரி சும்மா இருந்தன. எல்லாம் ஒரே அளவு, ஒன்றுகூடப் பிரிந்து பெருகவில்லை. தோலில் இருக்கிற சாதாரண மச்சத்தின் அணுக்கள் அபூர்வமாக இப்படிக் கணுவின் உறையில் கிடப்பதுண்டு. ஒரு கெடுதலும் செய்யாதவை. மனசு துள்ளியது. உடனே பயமும் வந்தது. அண்ணி வேண்டும் என்ற ஆசைதான் எனக்கு மச்சமாகத் தெரிகிறதோ?

"எந்திரி," என்றார் முசுடு, பின்னால் நின்று.

"மச்சம் மாதிரி இருக்கு சார். உறையிலதான் இருக்கு, உள்ள போகல."

"டாக்டரா பேசுறியா, நாத்தனாரா பேசுறியா?"

"தெரியல சார்."

உட்கார்ந்து மறுபடி பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "சாயம் போட்டுப் பாத்துடுவோம், புற்றுக்கு ஒண்ணு, மச்சத்துக்கு ஒண்ணு. எதுவோ அந்தச் சாயம்தான் புடிக்கும். நீ இந்தப் பக்கமே தலை காட்டாத."

மறுநாள் மத்தியானம் அவரே என் மேசைக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது. "புற்றுச் சாயம் புடிக்கல. மச்சத்துக்குப் போட்ட சாயம்தான் புடிச்சிருக்கு," என்றார். பிறகு குரலை இறக்கி, "பரவியிருக்குன்னு நேத்தே கையெழுத்துப் போட்டிருப்பேன்மா. வீட்டுக்குப் போ, போய்த் தொலை," என்றார். நான் அங்கேயே அழுதேன்.

கதவைத் திறந்த அண்ணன் விஷயத்தைக் கேட்டதும் செருப்பு வைக்கிற இடத்திலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அண்ணி பால்கனியில் இருந்தாள். தலையில் துணி கட்டியிருந்தாள். நான் சொல்வதையெல்லாம் கேட்டாள்.

"மச்சமா?"

"ஆமா அண்ணி. அது பாட்டுக்கு இருக்கும். ஒண்ணும் பண்ணாது."

"நல்லாப் பண்ணுச்சு போ. என்னைக் காட்டிக் குடுத்துடுச்சு."

சிரிக்கிறாளோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"பரவியிருக்கும்னே வச்சுக்கிட்டேன்," என்றாள். "உங்கண்ணன்கிட்ட சொல்லிடாத. பயமாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த ஊசி இல்லன்னு நெனச்சதும் நல்லாத் தூங்கினேன்."

சந்தோஷமாக ஓடி வந்தவள் நான். அவள்மேல் கோபம்கூட வந்தது, அப்புறம் வெட்கமாக இருந்தது.

"சத்தியம் பண்ணிட்டேனே, மிச்ச ஊசியும் போட்டுக்கணும்," என்று முனகியபடி குனிந்தாள். கம்பி ஓரத்தில் அந்தச் சிவப்பு பிளாஸ்டிக் கிண்ணம் இருந்தது. ஊசி போட்ட நாட்களில் ராத்திரியெல்லாம் நான் அவள் வாய்க்கு நேராகப் பிடித்த வாந்திக் கிண்ணம். அதில் மண் நிரப்பி ஒரு செடித்துண்டை நட்டு வைத்திருந்தாள். ஒரு இலை புதிதாக விட்டிருந்தது.

வலிக்காத கையால் செடியை மெதுவாகப் பிடுங்கினாள். மண்ணைக் கொட்டி, கிண்ணத்தைக் குழாயில் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு ஈர வேரோடு செடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இதை எங்கடி வைக்கிறது?"